எழுபத்தொன்றாம் எண் வில்லை

சுரங்கத்தை விட்டு வெளியேறும்போது நான் ஒப்படைத்திருக்க வேண்டிய பித்தளை வில்லையை ஒப்படைக்கவில்லை. ஒப்படைத்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண் வேலையை இழந்தாள்.

இதுதான் என் குற்றம். ஐந்தாண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் கண் கண்டது, என் காது கேட்டது, அன்றைய குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருப்பது... இவை மட்டுமே இங்கே இடம்பெறும். ஏன் இத்தனை கண்டிப்பு என்று நீங்கள் கேட்கலாம். சரிபார்க்கப்படாத ஒரு வாக்கியம் என்ன செய்யவல்லது என்பதை நான் அறிவேன். நான் சொன்ன ஒரு வாக்கியத்தை யாரும் சரிபார்க்கவில்லை! சுரங்கத்தார் பேசியது ஆங்கிலம்; அதைப் பொருள் பிறழாமல் நம் பேச்சுத் தமிழில் தருகிறேன்.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் இலையுதிர் காலம். நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்தேன். பிரின்ஸ்டனுக்கு அருகே ஒரு சிறிய பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் வகுத்துத் தருவது எங்கள் தொழில். காற்று எந்த வழியே உள்ளே செல்ல வேண்டும், எந்த வழியே திரும்ப வேண்டும், எங்கே கதவு, எங்கே தடுப்பு... எல்லாம் கணினித் திரையில்.

மூன்றாண்டுகள் அவ்வாறு சுரங்கங்களை வரைந்தேன். ஒன்றையும் பார்த்ததில்லை! உள்வரும் காற்றுக்கு நீலக்கோடு; திரும்பும் காற்றுக்குச் செங்கோடு. தயிர்ச்சோற்றுப் பாத்திரம் பக்கத்தில் இருக்க, ஒரு மலையின் அடிவயிற்றில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டின் மீது மனிதர்கள் நடப்பார்கள் என்பதை அறிந்திருந்தேனா? அறிந்திருந்தேன். உணர்ந்திருந்தேனா?... இல்லை.

மேற்குப் பென்சில்வேனியாவின் குன்றுகளுக்கடியில் அப்போது ஒரு புதிய சுரங்கம் உருவாகிக்கொண்டிருந்தது. சாய்வான நுழைவழியும் முதன்மைப் பாதைகளும் முடிந்து, கரி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். நான் கணக்கிட்ட காற்று உண்மையாகவே அங்கே ஓடுகிறதா என்று அளந்துவர என்னை அனுப்பினார்கள்.

சுரங்க வாயிலில் விளக்கறை. அதன் சாளரத்துக்குப் பின்னால் டாரிஸ் அமர்ந்திருந்தாள். ஐம்பதைக் கடந்தவள், கண்ணாடியைத் தலைமுடியில் ஏற்றி வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு மரப்பலகை. பலகை நிறையக் கொக்கிகள். கொக்கிகளில் பித்தளை வில்லைகள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு வில்லைகள் உண்டு. உள்ளே இறங்கும்போது ஒன்று பலகையில் தொங்கும். மற்றது ஆளோடு போகும். திரும்பி வந்தவர் தம் வில்லையைச் சாளரத்தில் கொடுத்தால்தான் பலகையில் தொங்கும் இணையை அவள் கழற்றுவாள்.

என் பெயர் முழுவதையும் அவள் படிக்க முயன்றாள். பாதியில் நிறுத்தினாள்.

"இவ்வளவு பெரிய பேருக்கு என் தாள்ல இடம் இல்ல. 'ஜெர்சி'ன்னு எழுதிக்கிறேன். இந்தாங்க ஜெர்சி, எழுபத்தொண்ணு. தொலைச்சீங்கன்னா அந்தக் கொக்கியில உங்களையே மாட்டிடுவேன்."

வில்லை புதுப்பொன்னாய் மின்னியது. எப்படி இத்தனை பளபளப்பு என்று கேட்டேன். வேலை குறைந்த பிற்பகல்களில் தக்காளிச் சாஸ் தடவித் தேய்ப்பாளாம்! எங்கள் வீட்டில் புளி போட்டுத் தேய்ப்போம் என்றேன்.

"புளியா? அது என்ன?"

"பழம். புளிப்பா இருக்கும். அடுத்த தடவை ஒரு பொட்டலம் கொண்டுவரேன்."

"கொண்டுவாங்க. சாஸை இங்க இருக்கிற பசங்க சாண்ட்விச்சுக்குத் திருடிடறானுங்க."

பிறகு பலகையைக் காட்டிச் சொன்னாள்: "நான் மூஞ்சியப் பார்க்க மாட்டேன், இதைத்தான் பார்ப்பேன். உள்ளேன்னு இது சொன்னா ஆள் உள்ளே. அப்புறம் பேச்சே இல்ல, தேட இறங்கிடுவாங்க."

இந்த வாக்கியத்தை அன்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆகவே 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வழியும் எனக்கில்லை.

என்னை உள்ளே அழைத்துச் சென்றவர் ரே. சுரங்கத்தின் காற்றோட்டப் பொறுப்பாளர். பெருத்த உடல், மெல்லிய குரல். உயரம் குறைந்த ஒரு தண்டவாள வண்டியில் கிட்டத்தட்டப் படுத்தவாறே இறங்கினோம். வெளிச்சம் ஒரு நாணயமளவு சுருங்கி... மறைந்தது.

கரிச்சுரங்கம் கருப்பாக இருக்கும் என்றுதானே நீங்களும் எண்ணுகிறீர்கள்? வெண்மை! சுவரும் தரையும் கூரையும் வெண்மை! கரித்தூள் தீப்பற்றிப் பரவாதிருக்கச் சுண்ணாம்புக்கல் தூளை எங்கும் இறைத்திருந்தார்கள். மலைக்கடியில் பனி பெய்திருந்ததுபோல் ஒரு தெரு; அதற்கு இணையாக மற்றொன்று; அவற்றை வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்கள். நடுவே, வெட்டாமல் விட்ட கரித்தூண்கள். வீட்டளவு பெரியவை, மலையைத் தாங்கி நிற்பவை. திரையில் அவை எனக்குச் சிறு சாம்பல்நிறக் கட்டங்கள்...

வண்டியிலிருந்து இறங்கி நிமிர்ந்தபோது முகத்தில் காற்று மோதியது.

இதை எப்படிச் சொல்வேன்! அது நான் எழுதிய எண். வெஸ்ட் வின்ட்சரிலிருந்து தினமும் பத்து நிமிடம் வண்டியோட்டிச் சென்று, ஒரு மேசையில் அமர்ந்து, இருமுறை திருத்தி நான் இட்ட எண்! அது குளிர்ந்து, ஈரமண் மணத்தோடு என் நெற்றியைத் தொட்டது. காற்றளவியைத் தூக்கிப் பிடித்தேன். என் கணக்குக்கு மிக நெருங்கிய அளவு.

உள்வரும் காற்றையும் திரும்பும் காற்றையும் பிரிக்கும் இரும்புக் கதவு வந்தது. அதன் மறுபுறத்து அழுத்தத்தை வென்று திறக்க ரே தோளைக் கொடுத்து முட்டினார். கதவு மெல்ல அசைந்தது.

"ஜெர்சியில உக்காந்துகிட்டு இந்தக் கதவை இங்க வரைஞ்ச மகராசன் நீங்கதானா?" என்றார் மூச்சு வாங்கியபடி. "தினமும் உங்களைத் திட்டிக்கிட்டேதான் திறக்கறேன். இன்னிக்குத்தான் மூஞ்சியப் பார்க்கறேன்."

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"அட, சும்மா சொன்னேன். காத்து நல்லா வருது. பசங்க சந்தோஷமா இருக்காங்க."

கரி வெட்டும் முகப்புக்குச் சென்றோம். பற்கள் பதித்த உருளையொன்று நீர் பீய்ச்சியபடி கரிச்சுவரை மேலிருந்து கீழாக அரைத்தது. கரி பொலபொலவென்று உதிர்ந்தது. கதிரவன் ஒருகாலும் கண்டிராத அந்தச் சுவர், பிளவுண்ட கணத்தில் எங்கள் விளக்கொளியை வாங்கி மின்னியது! பொறி பின்வாங்கியதும் இருவர் முன்சென்று கூரைக்குள் நீண்ட இரும்புக் கம்பிகளைச் செலுத்தி முடுக்கினார்கள். மேலே ஒரு மலை. கீழே இரண்டு மனிதர். கடைசிக் கம்பிக்கு அப்பால் ஓரடிகூட எவரும் எடுத்து வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

திரும்பும் காற்றுப் பாதையில் அளவெடுக்கும்போதுதான் அதைக் கண்டேன். கூரைப்பாறையில் ஓர் இலை. பெரணி இலை! சாம்பல்நிறக் கல்லில் மைக்கருப்பாய், நரம்புகூடப் பிசகாமல், என் முழங்கை நீளத்துக்கு. இந்தக் கரியெல்லாம் காடாக நின்ற காலத்து இலை. நேற்று உதிர்ந்ததுபோல்...

"இங்க நிக்காதீங்க. இந்த இடத்துல கூரை நல்லா இல்ல" என்றார் ரே.

நின்றேன். அவர் மீண்டும் அழைத்தார். மேலும் சிறிது நேரம் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு அமைதியாக நான் நின்றதேயில்லை.

அளவெடுப்பு முடிந்தது. தொலைபேசியில் ரேயை வேறோர் இடத்துக்கு அழைத்தார்கள். மேலே செல்லவிருந்த ஒரு வண்டியில், வேலை முடித்துப் புறப்பட்ட இருவரோடு என்னை ஏற்றிவிட்டார். "மேல போனதும் வில்லையக் குடுத்துடுங்க, மறந்துடாதீங்க" என்றார். மறக்கமாட்டேன் என்றேன்.

வெளியே வந்தேன். வானம்! அதன் அகலத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்ததுபோல் நின்றேன். விளக்கறைச் சாளரத்தில் டாரிஸ் இல்லை. முற்றத்தில் ஒரு சரக்குவண்டிக்காரனிடம் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வருகையாளர் விளக்குகளுக்கு எண் கிடையாது. என் விளக்கை மின்னேற்றும் தட்டில் நானே வைத்தேன். மேலுடையைக் கழற்றினேன். கால்சட்டைப் பையில் இருந்த வில்லை நினைவுக்கு வரவில்லை. அந்த இலைதான் கண்ணில் நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

இது மறதி. இதுவரை குற்றமில்லை என்றுகூடச் சிலர் சொல்லலாம். சற்றுப் பொறுங்கள்...

வீடு சேர்ந்தபோது இரவு எட்டு மணி. வழியிலேயே கைபேசியில் மின்சாரம் தீர்ந்திருந்தது. என் மனைவி சபூரா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். இமையோரங்களில் கரித்தூள் கழுவியும் போகாமல் ஒட்டியிருந்தது.

"என்னங்க, சுரங்கத்துக்குப் போறேன்னுட்டு சுருமா போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க? பெருநாளைக்குப் போடச் சொன்னா மட்டும் மாட்டேங்கறீங்க!"

நான்கு வயது மகள் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். "வாப்பா, ஆர் யூ வேரிங் மேக்கப்?"

அன்று இரவுணவின்போது நானே பேசினேன். காற்றைப் பற்றி, வெண்மையைப் பற்றி, இலையைப் பற்றி... சபூரா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அங்கே எட்டுப் பேர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

காலையில் துணிகளைத் துவைக்கப் போடும்போது சபூரா அதைக் கண்டெடுத்தாள். "இது என்னங்க, பித்தளையா? எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

அலுவலகத்திலிருந்து உடனே அனுப்பிவிடலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகத்தில் மேலாளர் எனக்காகக் காத்திருந்தார். மேசைமேல் ஒலிபெருக்கித் தொலைபேசி. மறுமுனையில் சுரங்கக் கண்காணிப்பாளர். அவர் சொன்னது இது: பணிமுறை மாறும் நேரத்தில் பலகையில் எழுபத்தொன்று தொங்கியது. என்னோடு வண்டியில் வந்த இருவரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தனர். எங்கள் அலுவலகம் பூட்டியிருந்தது; என் கைபேசி எடுக்கப்படவில்லை. வேலையை நிறுத்தி எட்டுப் பேரை இறக்கினார்கள்.

"ரே நேரா காத்து திரும்புற பாதைக்குத்தான் போனான். 'அந்த ஆளு இலையை மறுபடி பார்க்கப் போயிருப்பான், எனக்குத் தெரியும்'னான். கூரையிலேர்ந்து ஒரு பலகைக்கல்லு அவன் தோள்மேல விழுந்துடுச்சு. எலும்பு முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கான்."

பிறகு என் மேலாளர் கேட்டார், கேள்விக்குள்ளேயே விடையை வைத்து: "நீங்க வில்லையைக் குடுத்துட்டீங்க, இல்லையா?"

"குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?" இது தொலைபேசியிலிருந்து.

"ஜன்னல்ல இருந்த அம்மாகிட்ட. கையிலயே குடுத்தேன்."

வில்லை என் சட்டைப்பையில் இருந்தது! பேசும்போது அதன் விளிம்பு நெஞ்சில் உறுத்தியது. நாடகத்துக்காக இதை எழுதவில்லை, உண்மையாகவே உறுத்தியது.

ஏன் சொன்னேன்? பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிரந்தரமாக அங்கே குடியிருப்பதற்கான என் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது, உண்மை. விமான நிலையங்களில் என் பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்த ஆண்டுகள் அவை, அதுவும் உண்மை. ஆனால் அந்த அறையில் என் பெயரை எவரும் அப்படிப் படிக்கவில்லை. அந்த அச்சத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. 'குடுத்துட்டேன்' என்பது அச்சம். 'அந்த அம்மாகிட்ட' என்பது?... அது வேறு. அது என் பாரத்தை இறக்க இன்னொருத்தியின் தலையைத் தேடிய செயல்.

மாலை வீட்டுக்கு வந்ததும் சபூராவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடுத்துட்டேன்னா சொன்னீங்க?"

"ம்."

"பேண்ட்லேர்ந்து எடுத்தது நான்ங்க. என் கையால எடுத்தேன்."

"கிரீன் கார்டு ஃபைல் அவங்க கையில இருக்கு சபூ. இப்ப போய்..."

"அந்த அம்மா கையில என்ன இருக்கு?"

பிறகு அவளே தணிந்த குரலில் சொன்னாள்: "அமானிதம்ங்க அது. நம்பி உங்க கையில குடுத்தது. நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடுங்க. ரெஸ்பான்ஸிபிளா சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

மறுநாள் தொலைநகலில் ஒரு வாக்குமூலத் தாள் வந்தது. 'வில்லையை விளக்கறைப் பணியாளரிடம் நேரில் ஒப்படைத்தேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. உண்மையைச் சொல்ல இரண்டாம் முறையாக எனக்குக் கிடைத்த வாய்ப்பு அது. வாக்கியத்தில் ஒரு பிழை இருந்தது, அதைத் திருத்தினேன்! பிறகு கையெழுத்திட்டேன். பிழைதிருத்திய பொய்... எனக்கு அதுவும் கைவந்திருந்தது.

அடுத்த இளவேனிலில் அங்கே அளவெடுக்கச் சென்றவர் சுந்தர். சென்னைக்காரர், எனக்கு அடுத்த மேசை. நான் செல்ல மறுத்திருந்தேன். திரும்பி வந்தவர் காபியோடு என் மேசையில் சாய்ந்தார்.

"பாய், நியூஸ் தெரியுமா? அந்த லேம்ப் ரூம் லேடி இருந்தாங்கள்ல, அவங்கள ஃபயர் பண்ணிட்டாங்களாம். உங்க டேக் மேட்டர்தான். கடைசி வரைக்கும், அந்த ஆளு என்கிட்ட குடுக்கவேயில்லன்னு சொல்லிட்டே இருந்தாங்களாம். பாவம்ல?"

"ம்."

"நல்லவேளை பாய், நீங்க கரெக்டா ஹேண்டோவர் பண்ணிட்டீங்க. நானா இருந்தா மறந்து பாக்கெட்லயே போட்டுட்டு வந்திருப்பேன்!" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்: நானும் சிரித்தேன்.

ரேயைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அனுப்புநர் பெயரின்றி வில்லையைச் சுரங்கத்துக்கு அஞ்சலில் அனுப்பியிருந்தால்கூட டாரிஸ் சொன்னது மெய்யென்று தெரிந்திருக்கும். ஓர் உறை, ஓர் அஞ்சல்தலை... உறையை வாங்கினேன். முகவரியும் எழுதினேன். அது மேசை இழுப்பறையில் மூன்றாண்டுகள் கிடந்தது. அதற்குள் கிரீன் கார்டு வந்துவிட்டது. அச்சம் என்ற காரணமும் போய்விட்டது. அப்போதும் அனுப்பவில்லை என்றால்... நீங்களே சொல்லுங்கள், என்னைத் தடுத்தது அச்சமா?

சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து எட்டில், ஒருநாள் விடுப்பெடுத்து வண்டியிலேயே அங்கே சென்றேன். வில்லையைப் புளியால் தேய்த்து விளக்கியிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பொட்டலம் புளி. சபூராதான் எடுத்துக் கொடுத்தாள், எதுவும் கேட்கவில்லை.

விளக்கறைச் சாளரத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் அதே பலகை. என் கண் தானாகவே அந்தக் கொக்கிக்குச் சென்றது. வெறுமையாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை! புதிதாக எண் பொறித்த எழுபத்தொன்று அங்கே தொங்கியது; அதன் இணையோடு யாரோ உள்ளே இறங்கியிருந்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"டாரிஸ்... முன்னாடி இங்க இருந்தாங்க."

"எந்த டாரிஸ்? நான் வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது."

"ரே இருக்காரா?"

"ரேன்னு இங்க நாலு பேர் இருக்காங்க. எந்த ரே?"

முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை. எனக்காகத் தோளைக் கொடுத்தவரின் முழுப்பெயர்! என் பெயர் டாரிஸின் தாளில் இடம்பெறாமல் போனதற்கு நான் உள்ளூர வருந்தியவன்...

"வேற ஏதாவது வேணுமா?" என்றார் அவர்.

சட்டைப்பையில் கை வைத்தேன். கண்காணிப்பாளரின் அலுவலகம் முற்றத்தின் எதிர்ப்புறம், இருபது அடி. உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் இருந்தார்.

"இல்ல" என்றேன்.

அப்போது நுழைவழியிலிருந்து ஒரு வண்டி மேலேறி வந்தது. இறங்கியவர்கள் ஒவ்வொருவராகச் சாளரத்துக்கு வந்து தத்தம் வில்லையைக் கொடுத்தார்கள். மீசைக்காரர் திரும்பித் திரும்பி ஒவ்வோர் இணையாகக் கழற்றினார். கரிபடிந்த முகங்கள்; கேலி பேசிக்கொண்டே கொடுத்தார்கள். ஒருவர்கூட மறக்கவில்லை. எவ்வளவு எளிய செயல்! ஒரு மலையைக் குடைந்து, அதன் அடியில் ஊரளவு தெருக்களை வகுத்து, இங்கிருந்து காற்றை அனுப்பி, உள்ளே சென்ற அத்தனை பேரையும் நாள்தோறும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் அந்தப் பெரிய ஏற்பாடு முழுவதும், கடைசியில் ஒரு மனிதன் கை நீட்டிக் கொடுக்கும் சிறு வில்லையின் மீதே நிற்கிறது. நான் வியந்து நின்றேன். அன்று போலவே வியந்து நின்றேன்... அன்று போலவே கொடுக்காமல் திரும்பினேன்.

வில்லை இப்போது என் மேசை இழுப்பறையில், முகவரி எழுதிய அதே உறைக்குள் இருக்கிறது. புளியைச் சபூரா சமையலுக்கு எடுத்துக்கொண்டாள். இந்த உறையைப் பற்றி அவள் கேட்பதில்லை. கேட்காமலிருப்பது மன்னிப்பா என்பதை அவளிடம் நான் கேட்டதில்லை.

தெரிந்தவை இவ்வளவே. தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டாரிஸின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. வேலை போன பின் அவள் எங்கே சென்றாள் என்பது தெரியாது. ரேயின் தோள் கூடிற்றா, அவர் மீண்டும் சுரங்கத்தில் இறங்கினாரா என்பது தெரியாது. அவர்மீது விழுந்த பலகைக்கல் எது என்பதும் தெரியாது. அந்த இலை இன்னும் கூரையில் இருக்கிறதா, அல்லது விழுந்த கல்லில்தான் அது இருந்ததா என்பதை நான் விசாரிக்கவில்லை.